சாமி ஏறாத தேர்

ஸ்ரீரங்கத்தில் யாரிடமாவது 'தேர் எப்போ?' என்று கேட்டால், 'எந்தத் தேர்?' என்று திருப்பிக் கேட்பார்கள். தையில் ஓடுவது உத்தர வீதிகளைச் சுற்றி வரும். சித்திரையில் ஓடுவது சித்திரை வீதிகளை. வீதிக்கே அதனால்தான் அந்தப் பெயர். (உள்ளூர்க்காரர்கள் மன்னிக்கவும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

தேர்த் திருநாள் பற்றி எழுத வரவில்லை. அதற்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி எழுத வந்தேன். எந்த ஊரிலும் தேரைப் புதிதாகச் செய்தாலோ, பழசைப் பிரித்து மராமத்து பார்த்தாலோ, அதை நேரே திருநாளன்று கொண்டுவந்து நிறுத்த மாட்டார்கள். ஒரு நாள் சாமி இல்லாமல், வெறும் தேரை வடம் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். வெள்ளோட்டம். அச்சு முனகுகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, மூலையில் திரும்புகிறதா, மேலே கம்பி எதுவும் இடிக்கிறதா எல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேரைச் செய்தவர் ஸ்தபதி. இழுப்பவர்கள் வேறு ஆட்கள். வடம் பிடிக்கிறவருக்கு அச்சில் எத்தனை ஆணி என்று தெரிய வேண்டியதில்லை. வீதியும் அப்படித்தான், எத்தனை தேர் வந்தாலும் அதே நாலு மூலை. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்துகொடுத்தது நம்ம திருச்சி பெல் தொழிற்சாலை. மரச் சக்கரம் போய் இரும்பு வந்தது. அதனால் வெள்ளோட்டம் வேண்டாம் என்று ஆகிவிட்டதா? இல்லை. தேர் மாறினாலும் சோதனை மாறவில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் வெள்ளோட்டம் உண்டு. ஒரு புரோகிராமுக்காகப் போட்ட வீதியில் சம்பந்தமே இல்லாத இன்னொரு புரோகிராமையும் இழுத்துப் பார்க்க முடியுமா என்று கிட்டத்தட்ட 40 வருஷமாகச் சிலர் முயன்றுவருகிறார்கள். பெரும்பாலும் சம்பளம் வாங்காமல். இந்த வாரம் அவர்கள் கதை. இதில் நம் பக்கத்து ஆட்களுக்கும் பங்கு உண்டு. தமிழ் எழுத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர். எஸ். ரங்கராஜன். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி., பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயர். சுஜாதா என்றால் சட்டென்று பிடிபடும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை அந்த நிறுவனம் உருவாக்கியபோது பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர்.

அந்த மெஷினை 1982 மே 19 அன்று கேரளாவில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வைத்தார்கள். 1984-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. மெஷின் தப்பாக எண்ணியது என்பதற்காக அல்ல. சட்டத்தில் வாக்குச்சீட்டுக்குத்தான் இடம் இருந்தது, மெஷினுக்கு இல்லை என்பதற்காக. 1989-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாடு முழுக்க எல்லாத் தொகுதிகளிலும் மெஷினில் ஓட்டுப் போட்டது 2004 மக்களவைத் தேர்தலில். தேருக்குச் சக்கரம் சரியாக இருந்தும் வீதிக்கு அனுமதி கிடைக்க 22 வருஷம்!

தேர்தலன்று காலையில், நாம் போய் வரிசையில் நிற்பதற்கு முன்பே, சாவடிக்குள் ஒரு வெள்ளோட்டம் நடக்கிறது. கட்சி ஏஜென்ட்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும். யார் யாருக்கு எத்தனை என்று தனியே எழுதிக்கொண்டு, மெஷின் சொல்லும் கணக்கோடு ஒத்துப்பார்த்து, அழித்துவிட்டு, சான்றிதழில் கையெழுத்து. ஸ்ரீரங்கத்தில் செய்வதும் ஷில்லாங்கில் செய்வதும் ஒரே சோதனை. செய்கிற ஏஜென்ட்டுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். 50 ஓட்டு போதுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த மெஷினுக்குள் இருக்கும் புரோகிராமை ஏஜென்ட் பார்க்க முடியாது. பார்க்க முடியாததால் வெளியே நின்று சோதிக்கிறார். எல்லோரும் சந்தேகப்படுவதால் ஒழுங்காகச் சோதிக்கிறார்.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் நிலைமை தலைகீழ். லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி விஷயங்கள். புரோகிராமின் ஒவ்வொரு வரியும் வெட்டவெளியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். போதுமான கண்கள் பார்த்தால் எந்தத் தப்பும் மறைந்திருக்க முடியாது என்று 1990-களின் கடைசியில் எரிக் ரேமண்ட் என்ற அமெரிக்கர் எழுதி, அதற்கு லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரால் 'லினஸ் விதி' என்று பெயரும் வைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாண சத்திரம் எல்லோருக்கும் பொது. யாராவது பெருக்கியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது. உலகத்தில் ஏராளமான வெப்சைட்டுகளின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில். தப்பு நுழைந்தது 2011-ன் கடைசி நாளில். 2012 மார்ச்சிலிருந்து எல்லோர் கையிலும் இருந்தது. இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. கண்கள் இருந்தன, அவை பார்க்கவில்லை.

கம்பெனி என்றால் டெஸ்டிங் என்று தனி டிபார்ட்மென்ட் இருக்கும். (அதில் வேலை பார்க்கும் பையனை 'என்ன வேலை?' என்று கேட்டால் கொஞ்சம் சுருதி குறைத்துத்தான் சொல்வான். மாப்பிள்ளை மார்க்கெட்டில் டெவலப்பருக்குத்தான் மவுசு.) ஓப்பன் சோர்ஸில் டிபார்ட்மென்ட்டும் கிடையாது, மேனேஜரும் கிடையாது. ஆபீஸ் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தர் ஒரு தப்பைத் திருத்துவார். அது சரியாகும். வேறெங்கோ, போன மாதம் வரை ஒழுங்காக இருந்த ஒன்று உடையும். அதைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் மறுபடி மறுபடி சோதிக்க வேண்டும். தினமும். எந்த மனுஷனும் செய்ய மாட்டான். செய்ய முடியாது. அதனால் சோதிப்பதற்கே ஒரு புரோகிராம் எழுதினார்கள்.

அப்புறம் கேள்வி வந்தது. ஒவ்வொரு தேருக்கும் ஒரு வீதியா?

1987 டிசம்பர் 18. லாரி வால் என்ற அமெரிக்கர் பெர்ல் என்ற கணினி மொழியை இலவசமாக வெளியிட்டார். கூடவே ஒரு சின்ன ஃபோல்டரில் சோதனைகள். ஓடவிட்டால் அவை திரையில் அச்சிடுவது மகா எளிமை. முதல் வரியில், மொத்தம் எத்தனை சோதனை என்று. 20 என்றால் '1..20'. அப்புறம் வரிசையாக 'ஓகே 1', 'ஓகே 2', ஏதாவது உடைந்தால் 'நாட் ஓகே 3'. அவ்வளவுதான். பள்ளிக்கூட அட்டென்டன்ஸ் மாதிரி.

அந்த முதல் வரியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 12-வது சோதனை முடிந்ததும் புரோகிராம் வாயைப் பிளந்துவிட்டால், அதுவரை வந்ததெல்லாம் 'ஓகே'தான். மேலோட்டமாகப் பார்ப்பவர் எல்லாம் பாஸ் என்று போய்விடுவார். 20 வர வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்ததால் பாக்கி எட்டு ஆப்சென்ட் என்று தெரிகிறது. தப்பைவிட ஆபத்தானது நடக்காமலே போன சோதனை.

லாரி வால் இதை மற்றவர்களுக்காகச் செய்யவில்லை. தன் வீட்டு வேலைக்குச் செய்துகொண்டது. ஆனால் 'ஓகே', 'நாட் ஓகே' என்று அச்சிட எந்தக் கணினி மொழிக்கும் தெரியும். அதைப் படித்து எண்ணுகிற புரோகிராமுக்கு உள்ளே என்ன மொழி என்று தெரிய வேண்டியதில்லை. ஆகவே பரவிற்று. பிற்பாடு இதற்கு 'டெஸ்ட் எனிதிங் புரோட்டோகால்', எதையும் சோதிக்கும் நெறி, என்று பெயரே வைத்தார்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், புரோகிராமர்கள் எல்லோரும் பயன்படுத்தும் கிட், லினக்ஸின் கருவான கெர்னல் எல்லாவற்றின் சோதனைகளும் இந்தப் பாணியில் பேசுகின்றன. பெர்ல் மொழியை இன்று புதிதாகக் கற்பவர்கள் குறைவு. அதன் அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெர்ல்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒருவர் ஒரு துணைநிரலை எழுதிப் பொது இடத்தில் போட்டால், உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தொண்டர்களின் கம்ப்யூட்டர்கள் தாமாகவே அதை எடுத்து, ஓட்டிப் பார்த்து, எழுதியவருக்கு ரிசல்ட் அனுப்பும். தன் மின்சாரத்தைச் செலவழித்து முன்பின் தெரியாதவர் தேரை இழுத்துப் பார்க்கிற பெரியமனது!

ஜேயூனிட் பற்றியும் ஒரு வார்த்தை. 1997-ல் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போகிற விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். ஜாவா மொழிக்கான சோதனைச் சட்டகம். அதைப் பார்த்து ஒவ்வொரு மொழிக்காரரும் தனக்கொன்று செய்துகொண்டார். இன்று நம் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். மேலே போவோம்.

இதெல்லாம் புரோகிராமின் வயிற்றுக்குள் நடக்கிற சோதனைகள். திரையில் நடப்பது? மெனுவைத் திறந்து, பட்டனை அழுத்தி, எழுத்து வருகிறதா என்று பார்ப்பது? அதற்குக் கண்ணும் கையும் வேண்டுமே.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்த ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் உட்காருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் திரை தெரியாது. திரையில் என்ன இருக்கிறது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். ஸ்கிரீன் ரீடர் என்ற புரோகிராம் சொல்கிறது: 'ஃபைல் மெனு', 'சேமி, பட்டன்', 'பெயர் எழுதும் கட்டம், காலியாக இருக்கிறது'. இந்த ரீடருக்கும் கண் இல்லை. அதுவும் மற்ற புரோகிராம்களைக் கேட்டுத்தான் சொல்கிறது. 'உன்னிடம் என்னென்ன பட்டன் இருக்கிறது? பெயர் என்ன? அழுத்தலாமா?' இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஒவ்வொரு புரோகிராமிலும் ஒரு புழக்கடைக் கதவு வேண்டும். லினக்ஸில் க்னோம் என்ற திரைச்சூழலின் 2.0 பதிப்பு 2002-ல் வந்தபோது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆட்கள் உழைப்பால் அந்தக் கதவு அதில் இருந்தது. எல்லாப் புரோகிராமுக்கும் ஒரே அளவுக் கதவு, ஒரே சாவி. ஓர்க்கா என்ற ஸ்கிரீன் ரீடர் அந்த வழியாகத்தான் இன்றும் போய்வருகிறது.

பெங்களூரில் நாவெல் நிறுவனத்தில் வேலை பார்த்த நாகப்பன் அழகப்பனும் அவர் சகாக்களும் இந்தக் கதவைப் பார்த்தார்கள். எவல்யூஷன் என்ற ஈமெயில் புரோகிராமைச் சோதிக்க வேண்டிய வேலை அவர்களுடையது. யோசித்தால் சுலபம்: பார்வையற்ற ஒருவருக்காகக் கேட்கிற கேள்விகளையே ஒரு சோதனை எந்திரமும் கேட்டால் என்ன? அதற்கும் கண் கிடையாது. பதிலைக் கேட்டுவிட்டு, 'சரி, அந்தப் பட்டனை அழுத்து' என்று அதே கதவு வழியாகச் சொல்லலாம். 2005-ல் 'லினக்ஸ் டெஸ்க்டாப் டெஸ்டிங் புராஜெக்ட்' பிறந்தது. சுருக்கமாக எல்டிடிபி.

பைத்தான் மொழியில் நாலு வரி. 'இந்த ஜன்னலில் ஃபைல் மெனுவில் ஓப்பன் என்பதைத் தேர்ந்தெடு. அந்தக் கட்டத்தில் இதை எழுது. சேவ் பட்டனை அழுத்து. தலைப்பு மாறிற்றா பார்.' எவல்யூஷனுக்காகச் செய்தது ஓப்பன்ஆபீஸுக்கும் பொருந்திற்று, ஃபயர்ஃபாக்ஸுக்கும் பொருந்திற்று. அந்த மென்பொருள்களை எழுதியவர்கள் எல்டிடிபி என்ற பெயரையே கேட்டிருக்க வேண்டியதில்லை. பார்வையற்றவர்களுக்குக் கதவு வைத்திருந்தார்கள், அது போதும். பிற்பாடு விண்டோஸுக்கும் மேக்குக்கும் இதே கட்டளைகள் ஓடும்படி செய்தார்கள். அங்கேயும் அதே மாதிரிக் கதவுகள் உண்டு.

இன்னொரு லாபம், யாரும் பெரிதாகப் பேசாதது. பட்டனுக்குப் படம் மட்டும் போட்டு, பெயர் வைக்க மறந்துவிடுகிற புரோகிராமர்கள் ஏராளம். கண் உள்ளவர்களுக்குத் தெரியாது. பெட்டி மாதிரி படம் இருந்தால் சேவ் என்று நாம் புரிந்துகொள்வோம். புத்தூர்ப் பெண்ணுக்கு ரீடர் 'பட்டன்... பட்டன்... பட்டன்' என்று சொல்லும். எது என்ன பட்டன்? அவர் புகார் எழுதினாலும் யார் படித்தார்களோ. ஆனால் சோதனை எந்திரமும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு 'ஃபெயில்' என்று சிவப்பில் எழுதும்போது திருத்திவிடுகிறார்கள். சிவப்புக்கு இருக்கும் மரியாதை மனுஷனுக்கு இல்லை.

2009-ல் இன்னும் ஒரு படி. உபுண்டு லினக்ஸின் ஆட்கள் எல்டிடிபி மேல் 'மாகோ' என்று ஒரு அடுக்கு கட்டினார்கள். உபுண்டுவும் க்னோமும் சோதனைகளைத் தனித்தனியாக எழுதாமல் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது எண்ணம். நல்ல எண்ணம். ரொம்ப நாள் நிற்கவில்லை. 2011-ல் க்னோம் தன் 3-வது பதிப்பில் திரையையே மாற்றி அமைத்தது. அதே வருஷம் உபுண்டு 'யூனிட்டி' என்று சொந்தமாக ஒன்றைக் கொண்டுவந்து க்னோம் திரையை விட்டு விலகியது. (ஒற்றுமை என்று பெயர் வைத்துவிட்டுப் பிரிந்ததை என்ன சொல்ல!) உபுண்டு தன் சோதனைக்கும் 'ஆட்டோபைலட்' என்று வேறொன்றைக் கட்டிக்கொண்டது. என் கணிப்பு என்னவென்றால், மாகோவில் தொழில்நுட்பத் தப்பு எதுவும் இல்லை. வீதி இரண்டாகப் பிரிந்தபோது நடுவில் மாட்டிக்கொண்டது. பொதுச் சோதனை வேண்டுமென்றால் பொதுவாக ஏதாவது ஒன்று அசையாமல் இருக்க வேண்டும். அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர் அசையவில்லை. திரை வருஷத்துக்கு வருஷம் அசைகிறது.

ஓப்பன்சூஸே ஆட்கள் அதனால் வேறு வழி போனார்கள். ஓப்பன்கியூஏ என்று. அது கதவைத் தட்டுவதில்லை. திரையைப் படம் பிடித்து, முன்பு எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுகிறது. போட்டிக் கடைக்காரரான ஃபெடோரா லினக்ஸும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இங்கே நமக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. பட்டனைப் பெயர் சொல்லித் தேடும் சோதனையானாலும், படம் பார்த்துத் தேடும் சோதனையானாலும், எழுதுகிறவர் இங்கிலீஷ் திரையை வைத்துத்தான் எழுதுகிறார். 'சேவ்' என்று இருந்தால் கண்டுபிடிக்கும். 'சேமி' என்று இருந்தால்? அந்தப் பட்டனே இல்லை என்று நினைக்கும். தமிழ்த் திரைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்லிக்கொடுப்பவர்கள் சொற்பம். 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது. தேர்ந்தெடுத்தது சூஸே லினக்ஸ். அப்போது சூஸேயின் முதலாளி அதே நாவெல். 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவானது. அதில் தமிழ்த் திரை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு பார்த்த பிள்ளைகள்தான், பல இடங்களில், அந்தத் திரைக்கு முதல் வெள்ளோட்டமே நடத்தியவர்கள். சாமியையும் ஏற்றிக்கொண்டு!

ஆனால் தமிழ் முழுக்கத் தோற்கவில்லை. ஒரு இடத்தில் பிரமாதமாக ஜெயித்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை புலம்பலாகிவிடும்.

'கொ' என்று டைப் செய்கிறீர்கள். கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது இரண்டு குறியீடு: க, அதற்குப் பிறகு ஒகரக் குறி. திரையில் வரைய வேண்டுமானால் அந்தக் குறியை இரண்டாக உடைத்து, கொம்பைத் தூக்கி க-வுக்கு முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைக்க வேண்டும். 2000-களில் லினக்ஸில் இந்த வேலையை க்னோம் ஒரு விதமாகச் செய்தது, கேடிஇ தன் வழியில் செய்தது, ஓப்பன்ஆபீஸ் மூன்றாவது விதமாகச் செய்தது. ஒன்றில் சரியாக வந்த சொல் இன்னொன்றில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அப்போது கம்ப்யூட்டரில் தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் புள்ளிவட்டம் நினைவிருக்கும். எழுத்து எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் தவிக்கும்போது வருமே, அது.

பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ஈரானில் பிறந்து கனடா போனவர். இந்த வேலையை எல்லோருக்கும் ஒரே இடத்தில் செய்துகொடுக்க 'ஹார்ஃப்பஸ்' என்ற நிரலை எழுதினார். பாரசீகத்தில் ஹர்ஃப் என்றால் எழுத்து. இந்திய எழுத்துகளை 2012 வாக்கில் சரிசெய்ய உட்கார்ந்தபோது அவருக்குத் தமிழும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எப்படிச் சோதிப்பது? அந்தந்த மொழி விக்கிபீடியாவிலிருந்து சொற்களை லட்சக்கணக்கில் எடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் தன் நிரலை வரையச் சொன்னார். மைக்ரோசாஃப்ட் விண்டோஸையும் வரையச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை எந்திரத்துக்கு. எல்லா இந்திய மொழிகளுக்கும் அதே சோதனை. சொல்பட்டியல் மட்டும் வேறு.

ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மதிப்பெண்ணைப் பதிந்துவைத்தார்கள். அப்படி ஒரு பதிவில் தமிழின் கணக்கு இது: மொத்தம் 10,91,754. பாஸ் 10,91,753. ஃபெயில் 1.

நம் மொழிக்குக் கூட்டெழுத்து குறைவு என்பதால் இது சுலபம் என்று மலையாளத்தார் சொல்லலாம். உண்மைதான். இருந்தாலும் பதினோரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான சொற்களில் ஒன்று! அதோடு இதில் இருக்கும் வேடிக்கையையும் பாருங்கள். ஓப்பன் சோர்ஸ் நிரலுக்கு அளவுகோல், உள்ளே யாரும் பார்க்க முடியாத மைக்ரோசாஃப்ட் சரக்கு. அது தப்பாக வரைந்தால் இதுவும் அதே தப்பைச் செய்தால்தான் பாஸ். எது சரி என்று யார் சொல்வது என்ற கேள்வி எல்லாச் சோதனைக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவரையே கேட்டிருக்கலாம்.

ஆண்ட்ராய்டு போன், குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ் எல்லாவற்றிலும் இன்று தமிழை வரைவது ஹார்ஃப்பஸ். ஒரு தடவை ஒழுங்காகச் சோதித்தது எல்லோருக்கும் ஆயிற்று. ஹார்ட்பிளீட் அதிர்ச்சிக்குப் பிறகு கூகுள் 2016 டிசம்பரில் ஓஎஸ்எஸ்-ஃபஸ் என்று ஒரு பொது ஆலை ஆரம்பித்தது. ஓப்பன் சோர்ஸ் நிரல்களுக்குக் கன்னாபின்னா என்று கண்டதையும் ஊட்டி, எங்கே வாந்தி எடுக்கிறது என்று இரவுபகலாகப் பார்க்கிற ஆலை. 2023 வரையான கணக்கில் 1,000 புராஜெக்ட்களில் 36,000 தப்புகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹார்ஃப்பஸ் அங்கேயும் தினம் சாப்பிடுகிறது.

வெளியே நின்று பார்ப்பதால் தப்பிப்போகிற விஷயமும் உண்டு. அதற்கு ஸ்ரீரங்கத்துக்கே திரும்ப வேண்டும். ஊர்ப்பெயரின் முதல் எழுத்துக்கு.

ஸ்ரீ என்பதை யூனிகோடில் முதலில் ஸ், ரீ என்று சேர்த்து எழுதிக்கொண்டிருந்தோம். 2005-ல் யூனிகோடின் 4.1 பதிப்பில் ஶ என்ற தனி எழுத்து தமிழில் சேர்ந்தது. சமஸ்கிருதத்தில் அந்தச் சொல்லுக்கு உரிய ஒலி இதுதான் என்பதால், இனிமேல் ஶ், ரீ என்று எழுதுவதே முறை என்றார்கள். பழையபடி எழுதிய ஆவணங்கள் மலைபோல இருக்கின்றனவே? அதனால் இரண்டு விதமாக எழுதினாலும் திரையில் ஒரே ஸ்ரீ வர வேண்டும் என்று ஏற்பாடு. எழுத்துரு செய்தவர்கள் அப்படியே செய்தார்கள். வரைகிற சோதனையில் இரண்டும் 'ஓகே'. படம் பார்க்கிற சோதனையில் இரண்டும் 'ஓகே'. ஸ்கிரீன் ரீடர் ஒழுங்காக உச்சரித்தால் அதுவும் 'ஓகே'.

ஆனால் கம்ப்யூட்டருக்குள் அவை இரண்டு வேறு வேறு ஊர்கள். ஒன்றில் ஏற்றி வைத்த பெயரை இன்னொன்றால் தேடினால், தேடுகிற புரோகிராமுக்கு இந்த விஷயம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தாலொழிய, கிடைக்காது. ஸ்ரீனிவாசன், ஸ்ரீதர், ஸ்ரீவித்யா எல்லோருக்கும் இதே கதி. கண்ணுக்கு முன்னால் பட்டியலில் பெயர் இருக்கும். தேடினால் 'இல்லை' என்று வரும். குமாஸ்தாவும் கையை விரிப்பார். அவர்மேல் தப்பில்லை.

இதற்கு ஒரு வரிச் சோதனை எழுதலாம். இரண்டு ஸ்ரீரங்கத்தையும் கொடுத்து, ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்கிறதா என்று கேட்பது. தமிழில் தேடல் வைத்திருக்கிற எந்த மென்பொருளுக்கும் அப்படியே பொருந்தும், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம். வீட்டில் ஓப்பன் சோர்ஸ் என்று எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் பையனோ பெண்ணோ இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சாயந்திரம் காபி ஆறுவதற்குள் எழுதிவிடலாம். 'நாட் ஓகே' என்று வந்தால், அதை அந்த மென்பொருள்காரர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தேரை நிறுத்திவைத்துப் பார்ப்பார்கள்.